யாழ்ப்பாணக் காற்றுக்கும் கிணற்றுத் தண்ணிக்கும் ஏற்ற மினியேச்சர் வேலை: அனுபவப் பகிர்வு

நல்லூரில் இருந்து

மினியேச்சர் எண்டு சொல்லுற, மேசைப் போர் ஆட்டத்துக்கான சின்ன உருவங்களுக்குப் பெயின்ற் அடிக்க இணையத்தில கிடைக்கிற பாடங்கள் பெரும்பாலும் குளிர் நாட்டு அறைகளை மனசில வைச்சுச் சொல்லப்பட்டவை. எங்கட வெக்கையும் ஈரமும் அந்தக் கணக்கில இல்லை. உருவத்தை எவ்வளவு வடிவா ஒட்டியிருந்தாலும் இஞ்ச முதல்ல பிழைக்கிறது ஸ்பிறே பிறைமர்தான், அதாவது நிறத்துக்கு முதல் அடிக்கிற அடிப்பூச்சு. அது இரண்டு விதமாப் பிழைக்கும். காரணம் வேற வேற, அதால மருந்தும் வேற.

ஒண்டு, பூத்துப்போறது. கறுப்பு அடிச்ச உருவம் சாம்பலா வெளிறும். ஸ்பிறேயில இருக்கிற கரைப்பான் விறுவிறெண்டு ஆவியாகேக்க மேற்பரப்பு குளிரும். காற்றில இருக்கிற ஈரம் அதில படிஞ்சு பெயின்றுக்குள்ள அகப்படும். ஐப்பசியில தொடங்கி மார்கழி முடியுமட்டும் மழைக்காலத்தில இதுக்குத் தப்புறது கஷ்டம். மற்றது, சொரசொரப்பு. நடு மத்தியானத்தில அல்லது சோளகம் வீசேக்க அடிச்சால், துளி உருவத்தில படமுதலே காய்ஞ்சு தூளா ஒட்டும். தள்ளி நிண்டு அடிச்சால் இன்னும் மோசம்.

ரின்னை இரண்டு நிமிசம் குலுக்குங்கோ. 20 தொடக்கம் 25 சென்ரிமீற்றர் தூரம், ஒரு விசிறலுக்கு ஒரு செக்கன். விசிறல் உருவத்துக்கு வெளியில தொடங்கி வெளியிலயே முடியவேணும். நேர உருவத்தில தொடங்கினால் முதல் துப்பல் முகத்தில கட்டியா நிக்கும். சின்ன டிஜிற்றல் ஈரமானி ஒண்டு மேசையில வைச்சிருங்கோ. 70 வீதத்துக்கு மேல காட்டினால் ரின்னைத் தொடாதேங்கோ. தை, மாசியில காலைப்பனி உலர்ந்த பிறகு, வெயில் ஏறமுதல் கிடைக்கிற இரண்டு மணித்தியாலம்தான் வருசத்திலயே நல்ல நேரம். மாரிக்குப் பெயின்ற் பண்ணப்போற உருவங்களை அந்த மாதங்களிலயே பிறைமர் அடிச்சு மூடி வைக்கலாம்.

வெளிநாட்டில இருந்து வாற சொந்தக்காரரிட்ட ஸ்பிறே ரின் கேக்காதேங்கோ. எரியக்கூடிய ஏரோசோல் பெயின்றை விமானத்தில கைப்பையிலயும் விடமாட்டினம், பெட்டியிலயும் விடமாட்டினம். அதுக்குப் பதிலா வலேஹோ எண்ட பெயின்ற் கொம்பனியின்ர, பிறஷ்ஷால பூசுற பிறைமர் கேளுங்கோ. அது தண்ணியில கரையிற பொலியுறெதேன் வகை, ஈரத்துக்குப் பூக்காது. ஐதாக்காமல் மெல்லிசா இரண்டு பூச்சு. பூசின பிறகு முழுசா 24 மணித்தியாலம் தொடப்படாது, மழை நாளில இன்னும் ஒரு நாள் கூட. இறுகமுதல் நகம் பட்டால் தோலா உரிஞ்சு வரும்.

சுன்னாகத்தில் இருந்து

அண்ணை காற்றைச் சொல்லிப்போட்டார், நான் தண்ணியைச் சொல்லுறன். வலிகாமத்துக் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லுக்குள்ள வெட்டினவை, தண்ணி கடினம். கேத்திலின்ர அடியில வெள்ளையாப் படியிற அதே சுண்ணாம்பு, வாஷ் (மடிப்புகளுக்குள்ள ஓடி நிழல் காட்டுற ஐதான பெயின்ற்) காய்ஞ்ச பிறகு உருவத்தின்ர மடிப்புகளுக்குள்ளயும் படியும். கறுப்பு அங்கி, கரும்பச்சை உடுப்பு, இரும்புக் கவசம் எண்டால் பளிச்செண்டு தெரியும். கனபேர் பெயின்றைக் குறை சொல்லுவினம். பெயின்றில பிழை இல்லை.

ஐதாக்கவும் வாஷ் கலக்கவும் மழைத்தண்ணி, இல்லாட்டில் வாகன பற்றரிக்கு விடுகிற வடிச்ச தண்ணி பாவியுங்கோ. கராச்சில கேக்கேக்க தண்ணி எண்டு தெளிவாச் சொல்லிக் கேளுங்கோ, அதே தட்டில அசிற் போத்திலும் இருக்கும். பிறஷ் கழுவுறதுக்குக் கிணற்றுத் தண்ணி போதும். வெள்ளி, பொன் நிறங்களுக்குக் கழுவுற கோப்பை தனிய இருக்கவேணும். அந்தச் சின்ன மினுக்கத் துகள் மற்ற நிறத்துக்குள்ள போனால் எடுக்கேலாது.

பருத்தித்துறையில் இருந்து

உருவம் நிற்கும் அடித்தட்டு வேலைக்கு மணல் தேடிக் கடற்கரைக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது அளவு. 28 மில்லிமீற்றர் உருவம் ஏறத்தாழ 1:60 அளவிலானது. 2 மில்லிமீற்றர் கல் அந்த உலகத்தில் 12 சென்ரிமீற்றர் பாறைத் துண்டு. அரை மில்லிமீற்றர் மணல்மணியே 3 சென்ரிமீற்றர் கூழாங்கல். ஆகவே கட்டட வேலைக்கு வரும் மணலை அப்படியே கொட்டினால் போர்வீரன் கற்குவியலில் நிற்பான். தேநீர் வடியால் அரித்துக் கீழே விழுவதை நிலமாகவும், மேலே நிற்பதை இடையிடையே கல்லாகவும் வையுங்கள். ஆறு பங்கு நுண்மணல், இரண்டு பங்கு பரும்மணல், ஒரு பங்கு குறுணிக்கல் என்பது பெரும்பாலான நிலங்களுக்குப் பொருந்தும்.

கடல் மணலில் உப்பு இருக்கிறது. கழுவாமல் ஒட்டினால் கோடை முழுவதும் ஒன்றும் தெரியாது. மாரி தொடங்கியதும் உப்பு ஈரத்தை இழுக்கும், வெள்ளைப் பசை இளகும், பெயின்றுக்கு மேலால் வெண்பொடி கிளம்பும். நல்ல தண்ணியில் ஐந்து முறையாவது அலசி, பழைய தாச்சியில் ஈரம் போகும்வரை வறுத்தெடுங்கள். வறுக்கும்போது உள்ளே இருக்கும் பூச்சி முட்டைகளும் போய்விடும். பாறைக்கு முருகைக்கல் எடுக்க வேண்டாம். அது சட்டப்படி தடை, கடலுக்கும் கேடு. வேப்பம் பட்டையை உடைத்துக் கிடையாக அடுக்கினால் படைபடையான பாறை தானாகவே வரும்.

ஒட்டும் முறை: தச்சு வேலைக்குப் பாவிக்கும் வெள்ளைப் பசையைத் தண்ணீர் கலக்காமல் பழைய பிறஷ்ஷால் பூசி, தட்டை மணலுக்குள் அமத்தி எடுத்து, மிச்சத்தைத் தட்டிவிடுங்கள். ஒரு இரவு முழுவதும் காயட்டும். அடுத்த படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பசையும் தண்ணியும் சரிபாதியாகக் கலந்து, பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு துளி விட்டு, மணலுக்கு மேலால் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். சவர்க்காரத் துளி தண்ணியின் மேற்பரப்பு இழுவையைக் குறைப்பதால் பசை மணல்மணிகளுக்கு இடையே இறங்கும். துளி விடாவிட்டால் மேலே மணியாக உருண்டு நிற்கும். இந்தப் பூச்சு இல்லாத தட்டில் ட்ரைபிறஷ் செய்யும்போது (பெயின்றைத் துடைத்துவிட்டு, உலர்ந்த பிறஷ்ஷால் மேடுகளில் மட்டும் தேய்க்கும்போது) மணல் உதிர்ந்து பிறஷ்ஷுக்குள் ஏறி, நல்ல பிறஷ் அன்றோடு முடிந்துவிடும்.

சுன்னாகத்தில் இருந்து

எங்கட செம்மண் நிறத்துக்கு ஒரு கணக்கு (பெயர்கள் எல்லாம் சிட்டடெல் எண்ட பெயின்ற் வகையின்ர): மோர்ன்ஃபாங் பிறவுண் அடிநிறம், அதுக்கு மேல அக்ராக்ஸ் எர்த்ஷேட் வாஷ், நல்லாக் காய்ஞ்ச பிறகு ஸ்க்ராக் பிறவுண் ட்ரைபிறஷ். கடைசியா அதே ஸ்க்ராக் பிறவுணில கொஞ்சம் வெளிர்மஞ்சள் கலந்து மேடுகளில மட்டும் தொட்டுவிடுங்கோ. வெள்ளை கலந்தால் இளஞ்சிவப்பாப் போகும், கோப்பாய்த் தோட்டமாத் தெரியாது.

உண்மையான செம்மண்ணையும் தூளாப் பாவிக்கலாம். அது இரும்பு ஒக்சைட் நிறம், வெயிலுக்கு மங்காது. வெயிலில காயவைச்சு, இடிச்சு, மெல்லிய துணியில அரிச்செடுக்கவேணும். உருவத்துக்கு வார்னிஷ் அடிச்ச பிறகுதான் பாதத்திலயும் அங்கியின்ர கீழ் விளிம்பிலயும் போடுறது. பாமசியில விக்கிற சேர்ஜிக்கல் ஸ்பிரிற்றைத் துளித்துளியா விட்டால் தூள் அமந்து பிடிக்கும். பிறஷ்ஷால தேய்க்காதேங்கோ, ஸ்பிரிற் அக்ரிலிக் பெயின்றைக் கிளப்பிப்போடும். தூளுக்கு மேல திரும்ப வார்னிஷ் அடிச்சால் நிறம் கடுத்து, தூசித் தோற்றம் பாதி போயிடும்.

வெடிச்ச குளத்து அடிநிலம் வேணுமெண்டால் சிட்டடெலின்ர அக்ரெல்லன் எர்த் இருக்கு. தடிப்பாப் போட்டால் பெரிய வெடிப்பு, மெல்லிசாப் போட்டால் மயிர்க்கோடு. கீழ ஒரு பூச்சு மினுக்க வார்னிஷ் இருந்தால் பெயின்ற் வழுக்கிச் சுருங்கி, வெடிப்பு வடிவா விழும். வெடிச்ச துண்டுகள் கழண்டு விழாமல் மேலால ஒரு வாஷ் விட்டுப் பிடியுங்கோ.

கொக்குவிலில் இருந்து

பெயின்ற் காயாமல் வைச்சுக் கலக்கிற ஈரத் தட்டு இல்லாமல் இஞ்ச பெயின்ற் பண்ணுறது வீண் பாடு. மூடியுள்ள ஒரு பிளாஸ்ரிக் பெட்டி, அடியில ஸ்பொஞ், மேல கேக் போடுற பேக்கிங் தாள். தண்ணி ஸ்பொஞ்சின்ர மேல்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழ நிக்கவேணும். தாள் மிதந்தால் பெயின்ற் தானா இளகி ஓடும், விளிம்பில வளையக் கறை விடும். மெழுகுத்தாள் சரிவராது, அது தண்ணியை விடாது. மூடி வைச்சால் இரண்டு நாளில பூஞ்சணம் மணக்கும், அதால ஸ்பொஞ்சைக் கொதிதண்ணியில அவிச்சு எடுங்கோ. பெயின்ற் இரண்டு பங்கு, தண்ணி ஒரு பங்கு எண்டு தொடங்கி, விரல் நகத்தில ஒரு கோடு இழுத்துப் பாருங்கோ. நகத்தில ஓடினால் தண்ணி கூட, கோடு விட்டுவிட்டு வந்தால் குறைவு.

விசிறி முகத்துக்கு நேர சுத்தக்கூடாது. பிறஷ் நுனியில பெயின்ற் அரை நிமிசத்தில காய்ஞ்சு, கண் வரையேக்க கட்டி விழும். சுவரைப் பார்த்துத் திருப்பிவிடுங்கோ. பிறஷ்ஷின்ர உலோகக் கழுத்துக்குள்ள பெயின்ற் ஏறவிடாதேங்கோ, ஏறினால் மயிர் விரிஞ்சு நுனி பிளக்கும். பெரிய வேலைக்கு விலைகூடின பிறஷ் தேவையில்லை. ட்ரைபிறஷ்ஷுக்கு அலங்காரப் பொருள் கடையில விக்கிற மேக்கப் பிறஷ், வட்ட நுனி உள்ளது, எல்லாத்திலயும் திறம்.

மண்ணிறத் தோல் பற்றி ஒரு சொல். பெட்டிப் படங்களில அநேகமா வெளிறின தோல்தான், அதைப் பார்த்தே எல்லாரும் பழகிப்போச்சு. எங்கட ஆக்களின்ர நிறத்தில ஒரு படை நிக்கிறது பார்க்க எவ்வளவு வடிவு! ரைனொக்ஸ் ஹைட் அடி, மோர்ன்ஃபாங் பிறவுண் மேடுகளில, பேந்து அதில செம்மஞ்சளும் மஞ்சட்காவியும் கலந்து மூக்கு, கன்னம், தோள்மூட்டு. வெள்ளை சேர்த்தால் சாம்பல் பிடிச்ச தோலா வரும். கறுத்தத் தோலில வெளிச்சம் சின்ன இடத்தில கூர்மையா விழும். அதால கடைசி வெளிச்சத்தை அகலமாப் பூசாமல் புள்ளியா வையுங்கோ.

நல்லூரில் இருந்து

புல் நடுறதுக்கு வெளிநாட்டுக் கருவி வாங்கத் தேவையில்லை, நுளம்பு அடிக்கிற மின் மட்டை போதும். வலையைக் கழட்டி, ஒரு வயரைச் சின்ன இரும்புத் தேத்தண்ணி வடியிலயும் மற்றதை ஒரு ஊசியிலயும் இணைக்கிறது. தட்டில வெள்ளைப் பசை பூசி, ஊசியை ஈரப் பசையில தொடவைச்சு, 2 மில்லிமீற்றர் நைலோன் புல்லை வடிக்குள்ள போட்டு, பொத்தானை அமத்திக்கொண்டு இரண்டு மூண்டு சென்ரிமீற்றர் மேல பிடிச்சுத் தட்டினால் புல் நிமிர்ந்து நிக்கும். வடியின்ர பிடி பிளாஸ்ரிக்கா இருக்கவேணும். உள்ளுக்குள்ள ஆயிரம் வோல்ற்றுக்கு மேல, பொத்தானை விட்ட பிறகும் கொப்பாசிற்றரில மின் நிக்கும். வைக்கமுதல் இரண்டு வயர்நுனியையும் ஒண்டோடொண்டு தொட்டு இறக்குங்கோ. சின்னப் பிள்ளையள் இருக்கிற வீட்டில பற்றரியைக் கழட்டியே வையுங்கோ. மழை நாளில புல் ஈரம் குடிச்சுக் கட்டியாகும், நிமிராது. வெயிலில ஒரு மணித்தியாலம் காயவிட்டால் திருந்தும்.

நாணல் பற்றைக்குத் தும்புத்தடியில இருந்து உருவின தும்பு நல்லது. 10 மில்லிமீற்றருக்கு வெட்டி, அடியைச் சூப்பர் குளூவில தொட்டு நடுங்கோ. வேலிக் கதியால், உடைஞ்ச ஈட்டித் தண்டு எல்லாத்துக்கும் ஈர்க்கு. சூப்பர் குளூ ஒட்டின உருவத்தை உடன பெட்டியில மூடவேண்டாம், அதின்ர ஆவி ஈரத்தோட சேர்ந்து வெள்ளைப் படலமாப் படியும்.

வார்னிஷ்ஷும் பிறைமரைப் போலத்தான், மற் (மினுக்கமில்லாத) ஸ்பிறே ஈரத்தில பூக்கும். பூத்திட்டால் மேலால மினுக்க வார்னிஷ் ஒரு பூச்சு பிறஷ்ஷால பூசுங்கோ, அநேகமா வெண்மை மறையும். காய்ஞ்ச பிறகு பிறஷ்ஷால பூசுற மற் வார்னிஷ். போத்திலை நல்லாக் குலுக்கவேணும், மங்கலாக்கிற தூள் அடியில படிஞ்சு கிடக்கும்.

அரியாலையில் இருந்து

நாலு பேர் சேர்ந்து ஒரு படை கட்டினால், அடித்தட்டு மணற்கலவையை ஒருவரே ஒரே போத்திலில கலந்து எல்லாருக்கும் பிரிச்சுக் குடுக்கவேணும். உருவத்தின்ர நிறத்தில சின்ன வித்தியாசம் கண்ணுக்குப் பிடிபடாது, நிலம் வேற வேறயா இருந்தால் மேசையில தூரத்திலயே தெரியும். நிறக் கணக்கைக் கொப்பியில எழுதுறதோட தட்டின்ர அடியிலயும் சுருக்கமா எழுதிவிடுங்கோ.

2024 தையில வந்த வார்ஹாமர் ஓல்ட் வேர்ள்ட் எண்ட மேசைப் போர் ஆட்டத்துக்குச் சதுரத் தட்டு. மனிதக் காலாள் 25 மில்லிமீற்றர், ஓர்க் எண்ட கற்பனை அரக்கர் 30. வரிசையா ஒட்டி நிக்கிற படியால் விளிம்பில ஒரு மில்லிமீற்றருக்கு மணல் இருக்கக்கூடாது, பசை ஈரமா இருக்கேக்கயே கத்தியால வழிச்சு விடுங்கோ. புல்லும் நாணலும் நடமுதல் ஐந்து உருவத்தை வரிசையா வைச்சுப் பாருங்கோ, பின்னாலை நிக்கிறவன்ர ஈட்டி எங்க வருதெண்டு தெரியும்.

கொழும்புக்கு பஸ்ஸில கொண்டுபோறதுக்கு ஸ்பொஞ் பெட்டியை விட காந்தமும் பிஸ்கற் ரின்னும் நல்லது. தட்டுக்கு அடியில 5 க்கு 2 மில்லிமீற்றர் நியோடிமியம் காந்தம் ஒண்டு, ஈய உருவமெண்டால் இரண்டு. ரின் வாங்கமுதல் காந்தம் ஒட்டுதோ எண்டு பாருங்கோ, அலுமினியப் பெட்டியும் இருக்கு. காந்தம் விளிம்பைத் தாண்டி வெளியில நீட்டினால் உருவம் ஆடும். பஸ் வெக்கையில வளைஞ்ச ஈட்டியை நிமித்த, கொதிச்சு அடங்கின தண்ணியில பத்து செக்கன் பிடிச்சு, விரலால நேராக்கி, உடன ஐஸ் தண்ணியில வையுங்கோ. மென் பிளாஸ்ரிக் உருவத்துக்கும் ரெசினுக்கும்தான் இது. ஈயத்தைக் கையால மெல்ல நிமித்தலாம். பெட்டிக் கடும் பிளாஸ்ரிக் வளையாது, முறியும். அதை ஒரு மில்லிமீற்றர் துளை போட்டு, பேப்பர் கிளிப் கம்பி வைச்சுத்தான் ஒட்டவேணும்.