இடது கையால் மட்டும் கேம் விளையாடுவதற்கு என்ன வழி?

கேட்டவர்: கல்லடிப் பாலத்தடி

அனைவருக்கும் வணக்கம். இதை என் தம்பிக்காகக் கேட்கிறேன். சென்ற ஆண்டு நடந்த மோட்டார் சைக்கிள் விபத்தில் அவனுடைய வலது தோளிலிருந்து கைக்குச் செல்லும் நரம்புப் பின்னல் சேதமடைந்துவிட்டது. சத்திரசிகிச்சைக்குப் பின்னர் தோள் சற்று அசைகிறது, முழங்கையும் கொஞ்சம் மடங்குகிறது. ஆனால் விரல்களில் இயக்கமோ உணர்ச்சியோ இன்னும் திரும்பவில்லை. எழுதுவதையும் உடுப்பு மாற்றுவதையும் இடது கையால் பழகிக்கொண்டான். முன்பு பின்னேரங்களில் கூட்டாளிமாருடன் போனில் பப்ஜி என்ற துப்பாக்கிச் சண்டை கேமும், அவர்களில் ஒருவரின் வீட்டில் பிளேஸ்டேசன் 4இல் ஃபிஃபா கால்பந்தும் விளையாடுவான். இப்போதும் அங்கே போகிறான், ஆனால் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கிறான்.

எங்களிடம் ஓர் ஆண்ட்ராய்ட் போனும், கிராஃபிக்ஸ் கார்ட் இல்லாத பழைய கணினியும் உள்ளன. இணையத்தில் தேடினால் எங்கு பார்த்தாலும் மாற்றுத்திறனாளிகளுக்கென்று செய்யப்பட்ட எக்ஸ்பொக்ஸ் அடப்டிவ் கொன்ட்ரோலரைத்தான் காட்டுகிறார்கள். வெளிநாட்டில் அதன் விலையே 100 டொலர். அனுப்பும் கூலியையும் சுங்க வரியையும் சேர்த்தால் எங்களுக்குப் பெரிய தொகை. கடன்பட்டாவது அதை வாங்குவது பயனுள்ளதா, அல்லது வேறு வழி உண்டா என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்: அக்கரைப்பற்று ஒற்றைக்கை

கடன்பட வேண்டாம். எனக்குப் பிறப்பிலேயே இடது கை முழங்கைக்குக் கீழே இல்லை. வலது கையால் மட்டுமே இவ்வளவு காலமும் விளையாடி வருகிறேன். 2018இல் வெளிவந்த அந்த அடப்டிவ் கொன்ட்ரோலரைப் பலர் ஒற்றைக் கையால் விளையாடுவதற்கான கருவி என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது வெளியிலிருந்து சுவிட்சுகளைப் பூட்டுவதற்கான ஒரு மையப் பெட்டி. மேலே இரண்டு பெரிய பொத்தான்களும், பின்பக்கத்தில் வரிசையாகத் துளைகளும் இருக்கும். அந்தத் துளைகளில் சொருக வேண்டிய சுவிட்சுகளையும் ஜொய்ஸ்டிக்கையும் தனித்தனியாக வாங்க வேண்டும். விரல்களே இயங்காதவர்களுக்கு அது பெரிய வரம். ஐந்து விரலும் நன்றாக வேலை செய்யும் ஒரு கை உள்ளவருக்கு அதைவிட மலிவான வழிகள் முதலில் இருக்கின்றன.

உடனே செய்யக்கூடியது அந்த ஃபிஃபாதான், அதற்குச் சல்லிக்காசு செலவில்லை. பிளேஸ்டேசன் 4இன் செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி என்ற பகுதிக்குள் பொத்தான்களை இடம் மாற்றும் வசதி உள்ளது. வலப்பக்கத்தில் இருக்கும் எக்ஸ் பொத்தானையும் வட்டப் பொத்தானையும் இடப்பக்க முன்விளிம்பில் உள்ள எல்1, எல்2 பொத்தான்களுக்கு முறையே மாற்றிவிடுங்கள். பிறகு ஃபிஃபாவுக்குள் சென்று, பந்தைக் கொடுப்பதற்கு ஒன்றும் கோலுக்கு அடிப்பதற்கு ஒன்றுமாக இரண்டே பொத்தான்களில் ஆடும் முறையைத் தெரிவுசெய்து, ஆட்டக்காரரை மாற்றுவதையும் தானாக நடக்கும்படி விட்டுவிடுங்கள். இப்போது இடது பெருவிரல் ஸ்டிக்கிலும், சுட்டுவிரல் எல்1இலும், நடுவிரல் எல்2இலும் நிற்கும். கொன்ட்ரோலரின் வலது கொம்பைத் தொடைக்கும் கதிரைக் கைக்கும் இடையில் செருகி வைத்தால் அது ஆடாது. நுட்பமான வெட்டுகளும் சுழல்களும் வராது என்பது உண்மை. ஆனால் கூட்டாளிமாருடன் ஒரு மெட்ச் ஆட அது போதும். ஆட்டம் முடிந்ததும் பொத்தான்களைப் பழையபடி மாற்றிவிடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அந்த வீட்டுக்காரர் அடுத்த நாள் குழம்பிப்போவார்.

கணினிக்கு வரும்போது, எந்தக் கை மிஞ்சியிருக்கிறது என்பதைப் பொறுத்து எல்லாமே மாறும். நான் பாவிப்பது பெருவிரல் பக்கத்தில் பன்னிரண்டு பொத்தான்கள் உள்ள மவுஸ். நடப்பது, குதிப்பது, துப்பாக்கியை மாற்றுவது எல்லாவற்றையும் அந்தப் பெருவிரலே பார்த்துக்கொள்ளும். ஆனால் அவ்வகை மவுஸ்களில் பெரும்பாலானவை வலது கைக்கென்றே வார்க்கப்பட்டவை. ரேஸர் நிறுவனம் நாகா மவுஸை இடது கைக்கும் செய்திருக்கிறது, அது எளிதில் அகப்படாது. எனவே தம்பிக்கு இரண்டு பக்கமும் ஒரே வடிவமுள்ள சாதாரண மவுஸ் ஒன்று போதும். விண்டோஸில் இடது, வலது கிளிக்கை மாற்றிக்கொள்ளலாம். ஷிஃப்ட்டை ஐந்து முறை அழுத்தினால் வரும் ஸ்டிக்கி கீஸையும் போட்டுவிடுங்கள், ஷிஃப்ட், கன்ட்ரோல் போன்ற விசையோடு இன்னொரு விசையை ஒரே நேரத்தில் பிடிக்கும் சிரமம் குறையும்.

பழைய கணினியில் நன்றாக ஓடக்கூடிய, மவுஸ் மட்டும் போதுமான கேம்களும் நிறையவே உண்டு. ஸ்லே த ஸ்பயர், இன்டு த பிரீச் போன்ற முறை வைத்து ஆடும் கேம்களில் நேரம் நம்மைத் துரத்தாது. லிசெஸ் தளத்தில் சதுரங்கம் இலவசம். அங்கே எதிரில் இருப்பவருக்கு நமக்கு எத்தனை கை என்று தெரியப்போவதுமில்லை.

பதில்: காத்தான்குடி போன் கடை

அவர் சொன்னவற்றை முழுவதும் ஏற்றுக்கொள்கிறேன்; போனைப் பற்றி மட்டும் நான் சேர்க்கிறேன். போனை ஒற்றைக் கையில் பிடித்துக்கொண்டு அதே கையின் பெருவிரலால் ஆட முயன்றால் திரையில் பாதிக்கு மேல் எட்டாது, மணிக்கட்டும் விரைவில் சோர்ந்துவிடும். போனை மேசைமேல் சற்றுச் சரிவாக, வழுக்காத ரப்பர் விரிப்பின்மீது கிடத்திவிட்டு, ஆர்மோனியத்தில் விரல் வைப்பதுபோல ஐந்து விரல்களையும் மேலிருந்து பாவிக்கச் சொல்லுங்கள்.

பப்ஜியில் திரைப் பொத்தான்கள் ஒவ்வொன்றையும் வேண்டிய இடத்துக்கு இழுத்து, வேண்டிய அளவுக்குப் பெருப்பிக்கலாம். சுடும் பொத்தான், குறிபார்க்கும் பொத்தான், குனியும் பொத்தான் ஆகிய மூன்றையும் ஜொய்ஸ்டிக்குக்கு அருகில் கொண்டுவாருங்கள். ஜொய்ஸ்டிக்கை மேல்நோக்கித் தள்ளிப் பூட்டினால் ஆள் தானாக ஓடுவான். அந்த நேரத்தில் கை விடுபட்டு, திரையைத் திருப்பிச் சுற்றிப் பார்க்கலாம். கீழே கிடக்கும் பொருட்களைத் தானாகப் பொறுக்கும் வசதியையும் போட்டுவிடுங்கள். போனைச் சாய்த்துக் குறிபார்க்கும் கைரோவை எல்லோரும் சிபாரிசு செய்வார்கள். போன் மேசையில் கிடக்கும்போது அதனால் பயனில்லை. ஓடிக்கொண்டே சுடும் நெருக்கமான சண்டைகளில் தம்பி பின்தங்குவார் என்பதை மறைக்கத் தேவையில்லை. வாகனம் ஓட்டுவதும், தூரத்தில் படுத்திருந்து சுடுவதும் அவருடைய பங்காக இருந்தால் குழுவுக்கு அவர் பாரமாக இருக்கமாட்டார்.

கார் ஓட்டம் பிடிக்குமென்றால் அஸ்ஃபால்ட் என்ற கேமில் டச் டிரைவ் என்றொரு முறை இருக்கிறது. அதில் திருப்புவதை கேமே பார்த்துக்கொள்ளும், எந்தப் பாதையில் போவது, வேகத்தைக் கூட்டும் நைட்ரோவை எப்போது அடிப்பது என்பது மட்டுமே நம் வேலை.

பதில்: கல்முனை பிசியோ

நான் பிசியோதெரபிப் பிரிவொன்றில் பணிபுரிகிறேன். கேம் விளையாடுவதை நான் தடுக்கமாட்டேன், ஆனால் சில விடயங்களைக் கவனியுங்கள். தோளின் தசைகள் தளர்ந்திருக்கும்போது, கையின் பாரம் தோள் மூட்டைக் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். ஆகவே அவர் நீண்டநேரம் இருந்து ஆடும்போது வலது கை தொங்கக்கூடாது. முழங்கை மடங்கிய நிலையில் ஒரு தலையணையின்மேல் இருக்கட்டும். உணர்ச்சி இல்லாத விரல்கள் சூடான சார்ஜரிலோ கணினியின் காற்றுவாயிலோ படுகின்றனவா என்பதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும், ஏனென்றால் சுட்டாலும் அவருக்குத் தெரியாது.

அதைவிட முக்கியம் இடது கை. இனி எழுத்து, சமையல், குளியல் அனைத்தையும் அந்த ஒரு கைதான் சுமக்கப்போகிறது. பெருவிரலின் அடியில் வலி தொடங்கினால் அதைப் பொறுத்துக்கொண்டு ஆடக்கூடாது. பொத்தான்களைப் பிற விரல்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, கைக்கும் இடைக்கிடை ஓய்வு கொடுக்க வேண்டும். முழங்கை மடங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சிகிச்சை செய்பவர் சம்மதித்தால், அந்த முழங்கையால் அழுத்தக்கூடிய பெரிய சுவிட்ச் ஒன்றை மேசையில் வைக்கலாம்.

பதில்: ஏறாவூர் மின்னணு

அந்தச் சுவிட்சை வீட்டிலேயே செய்யலாம். ஒரு கணினியில் இரண்டு மவுஸ்களைப் பூட்டினால் இரண்டும் ஒரே அம்பைத்தான் நகர்த்தும், இரண்டின் கிளிக்கும் செல்லும். பழுதான மவுஸ் ஒன்றைக் கழற்றினால், இடது கிளிக்கின் கீழே சிறிய கறுப்புப் பெட்டிபோல ஒரு சுவிட்ச் தெரியும். அதை அழுத்தும்போது அதன் கால்களில் எந்த இரண்டு இணைகின்றன என்பதை மல்டிமீற்றரால் கண்டுபிடித்து, அந்த இரண்டிலும் இரண்டு வயர்களை ஒட்டி வெளியே எடுங்கள். மறுமுனையில் ஒரு கோலிங் பெல் சுவிட்சைப் பூட்டி, பலகைத் துண்டில் அறைந்து காலடியில் வையுங்கள். நல்ல கை மவுஸை நகர்த்தும், கால் சுடும். செலவு ஒரு பெல் சுவிட்சும் கொஞ்சம் ஈயமும்தான். இதில் ஓடுவது யூஎஸ்பியின் 5 வோல்ட் மட்டுமே. வீட்டு மின்சாரத்துடன் எந்த வகையிலும் தொடுக்க வேண்டாம்.

கேட்டவர்: கல்லடிப் பாலத்தடி

எல்லோருக்கும் மிக்க நன்றி. ஃபிஃபா வழியை இன்று பின்னேரமே பார்க்கப்போகிறோம். ஒரேயொரு சந்தேகம்: காலால் அழுத்தும் சுவிட்சை வைத்து ஒன்லைனில் ஆடினால், ஏமாற்றுவதாகக் கணக்கை முடக்கிவிடுவார்களா?

பதில்: அக்கரைப்பற்று ஒற்றைக்கை

ஓர் அழுத்தத்துக்கு ஒரு கிளிக் என்று இருக்கும்வரை கணினிக்கு அது சாதாரண மவுஸ்தான், விரலா காலா என்று அதற்குத் தெரியாது. ஒரு தடவை அழுத்தினால் பத்துத் தடவை சுடும்படி மென்பொருளால் அமைத்தால்தான் பிரச்சினை. போன் பப்ஜியில் மட்டும் கவனம்: விசைப்பலகையையும் மவுஸையும் பூட்டும் மாற்றிக் கருவிகள் கடைகளில் கிடைக்கின்றன, அவற்றைப் பாவித்தால் கணக்குப் பறிபோகலாம். போனில் விரலால் மட்டும் ஆடட்டும், சுவிட்சைக் கணினியோடு வைத்துக்கொள்ளுங்கள்.