பெட்டை நாயின் முலையில் கட்டி: உங்கள் அனுபவம் என்ன?

விசுவமடுவிலிருந்து:
எங்கள் வெள்ளைச்சிக்கு ஒன்பது வயது. இரவில் வயலுக்குப் பன்றிக் காவல் போனால் எனக்கு முன்னால் நடப்பாள். போன வருடம் மாசியில் உண்ணி பிடுங்கும்போது, பின்பக்க முலையடியில் புளியங்கொட்டை அளவில் ஏதோ தட்டுப்பட்டது. "பால் கட்டியிருக்கும், விடு தம்பி" என்றார் அம்மா. அறுவடை நேரம் வேறு, நானும் விட்டுவிட்டேன். வைகாசியில் அது தேசிக்காய் அளவு. நக்கி நக்கித் தோலும் புண்ணாகியிருந்தது.

கிளிநொச்சியில் காட்டிய மிருக வைத்தியர் முதலில் அடிமட்டம் வைத்து அளந்தார். நாலரை சென்ரிமீற்றர். 3 சென்ரிமீற்றருக்குக் குறைந்திருந்தால் நம்பிக்கை அதிகம், 5 ஐத் தாண்டினால் நிலைமை கடினம் என்றார். அப்புறம் கட்டியை அசைத்துப் பார்த்தார். சதையோடு ஒட்டிப் பிடித்திருந்தால் கூடாதாம். கவட்டில் நெறி (நிணநீர்க் கணு) கட்டியிருந்தது. நுரையீரலுக்கும் பரவியிருக்கிறதா என்று பார்க்க நெஞ்சு எக்ஸ்ரேக்கு யாழ்ப்பாணம் போனோம், நுரையீரல் அப்போது சுத்தமாக இருந்தது.

வெட்டியெடுத்த கட்டியைத் தயவுசெய்து எறிய விடாதீர்கள். கட்டியைப் போலப் பத்து மடங்கு போர்மலினில் (சதை பழுதாகாமல் காக்கும் திரவம்) போட்டுப் பேராதனை ஆய்வுகூடத்துக்கு அனுப்பினோம். இரண்டாம் தரப் புற்று (தீவிரத்தில் நடுத்தரம்), நெறியிலும் புற்றுக் கலங்கள் என்று முடிவு வந்தது. அந்த நெறிதான் எல்லாவற்றையும் மாற்றியது. எட்டு மாதம் இருந்தாள். கடைசி இரண்டு கிழமையும் மூச்சுக்குக் கஷ்டப்பட்டாள்.

மாங்குளத்திலிருந்து:
வாசிக்க மனம் கனக்கிறது அண்ணா. எங்கள் பெட்டைக்கும் கட்டி வந்தது, ஆனால் பட்டாணி அளவிலேயே எடுத்துவிட்டோம். புற்று இல்லை என்று முடிவு வந்தது. நாய்க்கு வரும் இந்தக் கட்டிகளில் ஏறக்குறையப் பாதி அப்படித்தான். எது எந்தப் பாதி என்று கையால் தடவிச் சொல்ல முடியாது, அதனால்தான் ஆய்வுகூடம்.

குட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1969 இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வின்படி, முதல் பருவத்துக்கு (பெட்டை இணைசேரத் தயாராகும் காலம்) முன் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்தால், செய்யாத பெட்டைக்குள்ள முலைப்புற்று ஆபத்தில் 0.5 வீதம்தான் மிஞ்சுகிறது. ஒரு பருவம் கடந்தால் 8 வீதம், இரண்டு கடந்தால் 26. "ஒருதரம் குட்டி போடட்டும்" என்று காத்திருப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

விசுவமடுவிலிருந்து:
நன்றி தங்கச்சி. வெள்ளைச்சியின் மகள் ஒருத்தி எங்களோடுதான் நிற்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் உண்ணி பார்க்கும்போது பத்து முலையையும் தடவுவேன். பின்னால் உள்ள நான்கையும் இன்னும் ஆறுதலாக, கட்டி கூடுதலாக வருவது அங்கேதான்.