புதுப்பிப்பு: ஐந்து அஞ்சலட்டைகளும் மரணக் கிணறும்

முகம் தெரியாத வெளிநாட்டவர்களோடு அஞ்சலட்டை மாற்றிக்கொள்ளும் இணையதளமான போஸ்ட்கிராஸிங்கில் சேர்ந்து ஐந்து அட்டை அனுப்பினேன், ஒன்றுகூடப் போய்ச் சேரவில்லையே என்று பங்குனியில் எழுதியிருந்தேன். பொறுத்திருங்கள் என்றீர்கள். இப்போது நான்கு சேர்ந்துவிட்டன! ஐந்தாவது 60 நாள் தாண்டிவிட்டது. அதனால் இன்னோர் அட்டை அனுப்ப என் கணக்கில் ஓர் இடம் திரும்பக் கிடைத்தது. ஆனாலும் அட்டை கைக்குக் கிடைத்தவர் ஓராண்டுவரை அதைத் தளத்தில் பதிய வழி உண்டு, நம்பிக்கை இருக்கிறது.

புதியவர்களுக்கு: 2005இல் போர்ச்சுகலில் தொடங்கியது இது. நாம் அனுப்பும் அட்டை பதிவானதும், வேறு யாரோ ஒருவர் நமக்கு அனுப்புவார். எனக்கு முதலில் வந்தது பின்லாந்திலிருந்து, பனி மூடிய ஏரிப் படம். மதுரை வெயிலில் அதைக் கையில் பிடித்திருந்ததே சுகம்.

நான் அனுப்ப அடுத்துக் கிடைத்த முகவரி ஜெர்மனிக்காரர் ஒருவருடையது. பழைய மோட்டார் வண்டிகள் பிடிக்கும் என்று குறிப்பில் எழுதியிருந்தார். சரி என்று சித்திரைப் பொருட்காட்சிக்குப் போனேன், மரணக் கிணறு பார்க்க. இரும்புப் படியேறி விளிம்பில் நின்றால், செங்குத்தான வட்டப் பலகைச் சுவரில் பைக் சுற்றுகிறது. பலகையெல்லாம் அதிர்கிறது, காலடியில் தெரிகிறது. வேகம் குறைந்தால் சுவரோடு அழுத்தும் விசையும் குறையும், உராய்வு போதாது, வண்டி சரிந்துவிடும். அப்புறம் காரும் ஏறியது. ஓட்டுபவர் ஒரு கையை விட்டுவிட்டு, நாங்கள் நீட்டிய பத்து ரூபாயைப் பறித்துக்கொண்டு போனார். பக்கத்தில் நின்ற அக்கா கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு மூட மனசில்லை, அவ்வளவு அழகு.

இதையெல்லாம் சின்ன எழுத்தில் எழுதி, நேற்று தபால் பெட்டியில் போட்டுவிட்டேன். பதிவானதும் சொல்கிறேன்.