புதுப்பிப்பு: டிரெய்லர் ஃபிரிட்ஜ் இப்போது கேஸிலும் குளிர்கிறது

முன்பு நான் கேட்டிருந்தது இதுதான்: எங்கள் சிறிய டிரெய்லரின் ஃபிரிட்ஜ் மின்சாரத்தில் நன்றாகக் குளிர்கிறது; புரோபேன் கேஸுக்கு மாற்றினால் சுடர் மஞ்சளாக எரிகிறது, உள்ளே வெதுவெதுப்பாகவே கிடக்கிறது. சிக்கல் தீர்ந்துவிட்டது.

குளிர்விக்கும் அமைப்பையே மாற்றச் சொன்னவர்களுக்கு நன்றி, ஆனால் அது தேவைப்படவில்லை. இந்த வகையில் கம்ப்ரசர் கிடையாது. அம்மோனியா, நீர், ஹைட்ரஜன் அடைத்த குழாய்களை வெப்பம்தான் இயக்குகிறது. மின்சாரத்தில் குளிர்கிறது என்றால் குழாய்கள் நலம். பழுது சுடர்ப் பக்கம்தான்.

வெளிமூடியைத் திறந்தால், புகைக்குழாயிலிருந்து உதிர்ந்த துருவும் கரியும் பர்னர்மேல் குவிந்திருந்தன. காற்றுத் துளையில் சிலந்தி வலை வேறு. (சிலந்திகளுக்கு இந்த இடம் ஏனோ அவ்வளவு பிடித்திருக்கிறது.) சிலிண்டரை மூடிவிட்டு, புகைக்குழாயைத் தூரிகையால் தேய்த்தேன், உள்ளே தொங்கும் முறுக்குத் தகட்டைப் பழைய உயரத்திலேயே மாட்டினேன். பர்னருக்குக் கேஸைப் பீய்ச்சும் ஜெட் முனையின் துளையில் கம்பி விடவே கூடாது; துளை அகன்றால் சுடர் கெட்டுவிடும். ஆல்கஹாலில் ஊறவைத்து உலர்த்தினால் போதும். இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் கசிவில்லை என்று பார்த்த பிறகே பற்றவைத்தேன். நீலச் சுடர், சீரான இரைச்சல்!

கேஸ் அழுத்தத்தை மெக்கானிக் ஒருவர் மானோமீட்டரில் (அழுத்தம் அளக்கும் கருவி) பார்த்தார். இருக்க வேண்டிய 11 அங்குல நீர் அளவிலேயே (அழுத்தத்தை நீர்மட்ட உயரத்தால் சொல்லும் அளவு) இருந்தது.

டிரெய்லரைச் சமமாக நிறுத்துவது இப்போதும் கட்டாயம். சாய்ந்தால் குழாய்களில் திரவம் ஓடாது. கடும் வெயிலில் மட்டும் சற்றுத் திணறுகிறது. பின்புறக் காற்றுவழியில் சிறு மின்விசிறி ஒன்று பொருத்தப் போகிறேன்.