விமான நிலையத்தை நெருங்கும் விமானங்களுக்கு இடையே எவ்வளவு இடைவெளி இருக்க வேண்டும்?

கேள்வி: தாம்பரம்வாசி

வணக்கம். சென்னை விமான நிலையத்துக்கு வரும் விமானங்களைக் கைப்பேசிச் செயலியில் பார்ப்பது எனக்கு வழக்கம். நேற்று மாலை இரண்டு விமானங்களின் குறிகள் திரையில் நெருங்கி வந்து, ஒன்றின்மேல் ஒன்றாகச் சில விநாடிகள் நின்று, பிறகு பிரிந்து சென்றன. இது இயல்பானதுதானா? மோதலைத் தவிர்க்கும் கருவி விமானத்திலேயே இருக்கும்போது, தரையிலிருந்து ஒருவர் இடைவெளியைக் கவனித்துக்கொண்டே இருப்பது ஏன் தேவைப்படுகிறது? துறை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: ஓய்வுபெற்ற கட்டுப்பாட்டாளர்

ஐயா, நீங்கள் பார்த்தது பெரும்பாலும் இயல்பான காட்சியே. செயலியின் திரையில் உயரம் வெறும் எண்ணாகத்தான் தெரியும். குறிகளைத் தொட்டுப் பார்த்தால், ஒன்று 7,000 அடியிலும் மற்றொன்று 6,000 அடியிலும் கடந்து செல்வதைக் காணலாம். உயரத்தில் 1,000 அடி அல்லது கிடைமட்டத்தில் வரையறுத்த தூரம், இவற்றுள் ஏதேனும் ஒன்று எந்த நொடியிலும் இருந்தே ஆக வேண்டும் என்பதுதான் அடிப்படை விதி. ரேடார் வழிகாட்டலில் அந்தத் தூரம் நெடுவழியில் பொதுவாக 5 கடல் மைல். நிலையத்தை நெருங்கும் பகுதியில் 3 கடல் மைல், அதாவது சுமார் ஐந்தரைக் கிலோமீட்டர். தரையிறங்கும் வேகத்தில் அதைக் கடக்க ஒன்றேகால் நிமிடம்தான் ஆகும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

முன்னால் செல்வது பெரிய விமானமாக இருந்தால் 3 மைல் போதாது. அதன் இறக்கை நுனிகளிலிருந்து புறப்படும் சுழல்காற்று பின்னால் வருவதைப் புரட்டிவிடக்கூடும் என்பதால், போயிங் 777 விமானத்துக்குப் பின்னால் வரும் ஏர்பஸ் 320 விமானத்துக்கு 5 மைலும், ஏர்பஸ் 380 விமானத்துக்குப் பின்னால் வந்தால் 7 மைலும் விட வேண்டும் என்பது பன்னாட்டு நெறி.

இந்த இடைவெளிகள் அனைத்தும் காக்கப்படுவது வாய்ச்சொல்லால்தான். ‘6,000 அடிக்கு இறங்குக’ என்று கட்டுப்பாட்டாளர் சொன்னதும், விமானி தம் விமானத்துக்கு வானொலியில் வழங்கும் பெயரான அழைப்புக்குறியுடன் அதையே திரும்பச் சொல்ல வேண்டும். அவர் வாயில் ‘5,000’ என்று வந்துவிட்டால், அடுத்த விமானத்தைக் கூப்பிடும் முன் அதைப் பிடித்துத் திருத்தியாக வேண்டும். அலைவரிசையில் இடைவிடாமல் குரல்கள் வரும் மாலை நேரத்தில், ஒவ்வொரு பதிலையும் காது கொடுத்துக் கேட்பதுதான் இந்தப் பணியிலேயே கடினமான பகுதி என்பது என் உறுதியான கருத்து.

பதில்: வான்வழி மாணவர்

உயரம் ஒன்றையே நம்பியிருந்த இடைவெளி குலைந்தால் என்ன ஆகும் என்பதற்கு, 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே நடந்ததை நாம் மறக்கக் கூடாது. தில்லியிலிருந்து ஏறிவந்த சவூதி போயிங் 747 விமானத்துக்கு 14,000 அடியும், எதிரே இறங்கிவந்த கஜகஸ்தான் இல்யூஷின் விமானத்துக்கு 15,000 அடியும் கொடுக்கப்பட்டிருந்தன. எதிரே வரும் விமானத்தைப் பற்றிக் கட்டுப்பாட்டாளர் எச்சரித்தும் இருந்தார். ஆனால் கஜகஸ்தான் விமானம் தனக்குரிய உயரத்தில் நிற்காமல் மேலும் இறங்கியது. இரண்டும் மோதியதில் அவற்றில் இருந்த 349 பேரும் உயிரிழந்தனர்.

அன்று தில்லிக் கட்டுப்பாட்டாளரின் முன்னிருந்த முதனிலை ரேடார் விமானம் இருக்கும் இடத்தைக் காட்டுமே தவிர உயரத்தைக் காட்டாது. விமானத்திலிருந்து பதில் அனுப்பும் கருவியான டிரான்ஸ்பாண்டரிடம் உயரத்தைக் கேட்டு வாங்கும் இரண்டாம்நிலை ரேடார் பயன்பாட்டில் இல்லை. வருவதற்கும் போவதற்கும் ஒரே வான்வழி. நீதிபதி லகோட்டி ஆணைய விசாரணைக்குப் பிறகு வழிகள் பிரிக்கப்பட்டன. மோதல் தவிர்ப்புக் கருவியான டிகாஸும் இந்தியாவில் கட்டாயமாக்கப்பட்டது.

தாம்பரம்வாசி

விளக்கத்துக்கு நன்றி. அப்படியானால் டிகாஸ் வந்த பிறகு இந்தக் கவலை தீர்ந்துவிட்டது என்று கொள்ளலாமா?

பதில்: வான்வழி மாணவர்

கொள்ள முடியாது. 2002 ஜூலை 1 அன்று ஜெர்மனியின் யூபர்லிங்கனுக்கு மேலே இரண்டு விமானங்களிலும் டிகாஸ் சரியாகவே வேலை செய்தது. அது ரஷ்ய விமானத்தை ஏறச் சொன்னது. சரக்கு விமானத்தை இறங்கச் சொன்னது. அதே வேளையில், சூரிச்சில் இரண்டு திரைகளைத் தனியாளாகக் கவனித்துக்கொண்டிருந்த கட்டுப்பாட்டாளர் ரஷ்ய விமானத்தை இறங்கச் சொன்னார். ரஷ்ய விமானிகள் அவர் சொல்லைக் கேட்டார்கள். இரண்டும் இறங்கி மோதியதில் 71 பேர் மாண்டனர். கருவியின் ஆணையும் தரையின் ஆணையும் முரண்பட்டால் கருவியின் ஆணையையே பின்பற்ற வேண்டும் என்று பன்னாட்டு விதி அதன்பின் தெளிவாக்கப்பட்டது.

பதில்: ஓய்வுபெற்ற கட்டுப்பாட்டாளர்

நிலையத்துக்கு மிக அருகில் அந்தக் கருவியும் கைகொடுக்காது. தரைக்கு மேல் சுமார் 1,000 அடிக்குக் கீழே டிகாஸ் ‘ஏறு’, ‘இறங்கு’ என்று ஆணையிடுவதை நிறுத்திக்கொள்ளும்படிதான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. அவ்வளவு தாழ்வில் திடீர் ஆணையே ஆபத்தாகலாம். 2025 ஜனவரி 29 இரவு, வாஷிங்டனின் ரீகன் நிலையத்தில் இறங்கவிருந்த பயணிகள் விமானமும் ராணுவ ஹெலிகாப்டரும் ஏறத்தாழ 300 அடி உயரத்தில் மோதி 67 பேர் இறந்தனர். எதிரே வரும் விமானம் கண்ணுக்குத் தெரிகிறது, நாங்களே விலகிக்கொள்கிறோம் என்று ஹெலிகாப்டர் குழுவினர் கேட்டு, அதற்கு அனுமதியும் பெற்றிருந்தார்கள். நகர விளக்குகளுக்கு நடுவே ஒரு விமானத்தின் விளக்கை மற்றொன்றினுடையதாக எண்ணிவிடுவது எளிது. ஆகவே, நெரிசலான நிலையத்தின் அருகே, இரவு நேரத்தில், விலகிச் செல்லும் பொறுப்பை விமானியின் கண்ணிடம் மட்டும் ஒப்படைப்பதை நான் ஏற்கமாட்டேன்.