மறு: பர்ஜ் வால்வு – தமிழில் என்ன வைக்கலாம்?

நண்பர்களே,

> 'கழிவு வால்வு' என்று வைத்துவிடலாம், சுருக்கமாக இருக்கிறது.

சுருக்கம்தான், ஆனால் அந்த வால்வு எதையும் கழிப்பதில்லை. பெட்ரோல் தொட்டியில் எழும் ஆவி வெளிக்காற்றில் கலக்கக் கூடாது என்பதற்காக அதைக் கரி நிறைந்த ஒரு டப்பாவில் (மெக்கானிக்குகள் கேனிஸ்டர் என்பார்கள்) பிடித்து வைக்கிறார்கள், வண்டி ஓடும்போது அதிலுள்ள கணினி இந்த வால்வைத் திறந்து திறந்து மூட, எஞ்சின் அந்த ஆவியை இழுத்து எரித்துவிடுகிறது. கழிவு வால்வு என்று எழுதினால் படிக்கிறவர் பழைய ஆயிலை இறக்கும் டிரெயின் பிளக்கைத் தேடி வண்டிக்கு அடியில் படுத்துவிடுவார்.

நாம் எழுதும் பழுதுக் குறிப்பிலேயே இதைப் பொருத்திப் பாருங்கள். ஃபுல் டேங்க் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பினால் செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்க மாட்டேன் என்கிறது, நாலைந்து தடவை அடித்தபின் இருமிக்கொண்டு பிடிக்கிறது, பின்னால் பெட்ரோல் வாடை, கொஞ்ச நேரத்தில் எல்லாம் சரியாகிவிடுகிறது. மறுநாள் காலையில் ஒரு குறையும் இல்லை. உடனே பங்க்காரரைத் திட்டுவோம், தண்ணீர் கலந்துவிட்டான் என்று. தண்ணீராக இருந்தால் ஓட்டும்போதும் வண்டி வெட்டி வெட்டித்தான் போகும், இப்படிச் சட்டென்று தெளியாது. வால்வு திறந்தபடி சிக்கிக்கொண்டிருந்தால்தான் இந்தக் கூத்து: நிரப்பும்போது கிளம்பிய ஆவி தடையில்லாமல் எஞ்சினுக்குள் போய், இன்ஜெக்டர் ஊற்றும் பெட்ரோலோடு சேர்ந்து கலவையை அளவுக்கு மீறிச் செறிவாக்கிவிடுகிறது.

சோதிப்பது எளிது. பெரும்பாலான வண்டிகளில் மின்சாரம் இல்லாதபோது இந்த வால்வு மூடித்தான் இருக்க வேண்டும். கழற்றி வாயால் ஊதினால் காற்று போகக் கூடாது (ஊதுங்கள், உறிஞ்சிவிடாதீர்கள்). ஸ்கேனரில் பி0496 என்ற பழுதுக் குறியீட்டைக் காட்டினால் கிட்டத்தட்ட உறுதி, காட்டாமலும் இருக்கலாம். அவசரத்துக்கு ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு செல்ஃப் அடித்தால் பல வண்டிகளில் கணினி இன்ஜெக்டரை நிறுத்திவிடும், தேங்கிய ஆவி வெளியேறிப் பிடித்துக்கொள்ளும். குறிப்பில் இன்னொன்றும் சேர்க்க வேண்டும்: நாசில் 'டக்' என்று நின்ற பிறகும் "ரவுண்டாக்கிடலாம் சார்" என்று ஊற்ற விடக் கூடாது. திரவப் பெட்ரோல் கேனிஸ்டருக்குள் இறங்கினால் கரி கெடும், அந்தக் கரித்துகள் வந்து வால்வில் சிக்கினால் அது மூடாது.

இனி சொல்லுக்கு வருகிறேன். வால்வு என்பதற்குப் பதிலாக ஓரதர் என்ற தமிழ்ச்சொல் வேண்டும் என்று இருவர் எழுதியிருந்தீர்கள். ஒருவழிப் பாதை என்று பொருள் தரும் அழகான சொல், திரும்பி வராமல் தடுக்கும் வால்வுக்குக் கச்சிதம். ஆனால் இது கணினி சொல்லும் அளவுக்குத் திறந்து மூடுவது, இதன் வேலை திசையைக் காப்பது இல்லை. இதயத்துக்கே வால்வு என்று பாடநூலில் எழுதிப் பழகிவிட்டோம், காருக்கு மட்டும் எதற்குத் தனி வைராக்கியம்?

என் முன்மொழிவு ஆவியிழு வால்வு. 'ஆவி உறிஞ்சு வால்வு' என்றும் ஒரு யோசனை வந்தது, எனக்கு உடன்பாடில்லை. ஆவியைப் பிடித்து வைப்பது கரி, வால்வு இல்லை. கரி செய்வதும் உறிஞ்சல் என்று சொல்ல முடியாது, மேல்நிலை வேதியியலில் பரப்புக் கவர்தல் (மேற்பரப்பில் ஒட்டவைத்துக்கொள்வது) என்று படித்தோமே, அது. அதனால் கேனிஸ்டரைக் கரிக்கலம் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளலாம்.

> எரிபொருள் நிரப்பலுக்குப் பிந்தைய தொடக்கச் சிக்கல்

அந்தப் பழுதுக்கு வந்த இந்தப் பெயரை ஒர்க்‌ஷாப்பில் சொல்லி முடிப்பதற்குள் வண்டி தானாகவே ஸ்டார்ட் ஆகிவிடும். நிரப்புத் திணறல் போதும். திணறல் என்றால் எஞ்சின் மூச்சுமுட்டுவதும் அதில் வந்துவிடுகிறது, டீசல் வண்டிக்காரர்களுக்கு இந்தச் சொல் தேவையே படாது.

கரிக்கலத்தின் மறுபக்கத்தில் வெளிக்காற்றை உள்ளே விடும் வென்ட் வால்வு இன்னும் பாக்கி. 'மூச்சு வால்வு' என்று நினைத்தேன், ஆனால் எஞ்சின் பிரீதருக்கும் (எஞ்சினுக்குள் சேரும் வாயு வெளியேறும் வழி) மூச்சு என்றே முன்பு முடிவு செய்துவிட்டோம், குழம்பும். 'காற்றுவிடு வால்வு' என்றால் டயர் ஞாபகம் வருகிறது. வேறு யாருக்காவது ஏதாவது தோன்றுகிறதா?

அன்புடன்