மூன்று நாள் விடுமுறைக்குத் தஞ்சாவூர் ஏற்ற ஊர்தானா?

நங்கநல்லூர்வாசி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். அரையாண்டுத் தேர்வு முடிந்த பின், டிசம்பர் கடைசி வாரத்தில், குடும்பத்தோடு மூன்று நாள் வெளியூர் சென்று வரலாம் என்று எண்ணியிருக்கிறோம். நான், என் மனைவி, ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மகள், முழங்கால் வலியால் நெடுந்தூரம் நடக்க இயலாத என் தந்தையார் என நால்வர். சென்னையிலிருந்து மூன்று நாள் என்று வாய் திறந்தாலே எல்லோரும் புதுச்சேரியைத்தான் சொல்கிறார்கள். அங்கே பலமுறை சென்றுவிட்டோம். கடற்கரைச் சாலையில் மாலை நடை, ஒரு நல்ல உணவகம், மறுநாள் கிழக்குக் கடற்கரைச் சாலை நெரிசலில் திரும்பல் என்பதற்கு மேல் எங்களுக்குப் புதிதாக அங்கே ஒன்றும் மிச்சமில்லை.

ஆகவே தஞ்சாவூர் செல்லலாமா என்று யோசிக்கிறேன். அலுவலக நண்பர் ஒருவர், பெரிய கோயிலை இரண்டு மணி நேரத்தில் பார்த்துவிடலாம், அதன் பிறகு அந்த ஊரில் என்ன செய்வீர்கள் என்று கேட்கிறார். இன்னொருவர், வண்டி அமர்த்திக்கொண்டு நவக்கிரகத் தலங்கள் ஒன்பதையும் முடித்துவிட்டு வரச் சொல்கிறார். அது என் தந்தையாரின் முழங்காலுக்கு ஆகாது, என் மனைவிக்கும் அந்த ஓட்டத்தில் விருப்பமில்லை. மகளோ, கோயில் கோயிலாக அழைத்துச் செல்வதாக இருந்தால் பாட்டி வீட்டிலேயே இருந்துவிடுகிறேன் என்கிறாள். மார்கழியில் மயிலாப்பூர் சபாக்களை விட்டுவிட்டு ஊரைத் தாண்டுவதா என்பது தந்தையாரின் குறை.

ஒரே ஊரில் தங்கி, அலைச்சல் இல்லாமல், வழிபாடு மட்டுமே நோக்கமாக இல்லாத ஒரு குடும்பத்துக்குத் தஞ்சாவூர் மூன்று நாளைக்குத் தாங்குமா? சென்று வந்தவர்கள் மனத்தில் பட்டதை மறைக்காமல் சொல்ல வேண்டுகிறேன்.

மாம்பலம் ரயில்பயணி எழுதியது:

தஞ்சாவூர் பிடித்தது, பிடிக்கவில்லை என்று மக்கள் சொல்வதில் பெரும்பகுதி அவர்கள் எந்த நேரத்தில் அங்கே இருந்தார்கள் என்பதைப் பொறுத்தது என்பது என் எண்ணம். காரில் விடியற்காலையில் சென்னையை விட்டுக் கிளம்புகிறவர், ஏறத்தாழ 340 கிலோமீட்டர் ஓட்டி நண்பகலில் போய்ச் சேர்கிறார். பகல் பன்னிரண்டரை மணிக்குக் கோயில் நடை சாத்தப்பட்டு மாலை நான்கு மணிக்குத்தான் திறக்கிறது. கொதிக்கும் வெயிலில் பழைய பேருந்து நிலையப் பக்கத்தில் சாப்பிட இடம் தேடி, களைப்போடு கோயிலைச் சுற்றிவிட்டு, இரவே கும்பகோணத்துக்கோ திருச்சிக்கோ போய்விடுகிறார். அப்படிப் பார்த்தவருக்கு இரண்டு மணி நேர ஊராகத்தான் அது தோன்றும்.

நீங்கள் ரயிலில் செல்லுங்கள். உழவன் விரைவு வண்டி இரவில் புறப்பட்டு விடியும் நேரத்தில் கொண்டு சேர்க்கும் என்பதால் பலரும் அதையே விரும்புகிறார்கள்; ஆனால் முதியவரை அழைத்துக்கொண்டு அறை கிடைக்காத அந்த நேரத்தில் இறங்குவது வசதியாக இராது. போகும்போது பகல் வண்டியான சோழனில் போய், திரும்பும்போது இரவு வண்டியைப் பிடிப்பதே உங்களுக்கு ஏற்றது. விழுப்புரம், சிதம்பரம், மயிலாடுதுறை, கும்பகோணம் என்று மெயின் லைனில் செல்லும் அந்த வண்டி, சிதம்பரத்தைத் தாண்டியதும் கொள்ளிடப் பாலத்தைக் கடக்கும். டிசம்பர் கடைசியில் சம்பாப் பயிர் நிற்கும் காலம் ஆதலால் அதன் பிறகு சன்னலின் இருபுறமும் பச்சை. இதே பாதையில் மே மாதம் சென்றால் வெடித்த வயலைத்தான் பார்ப்பீர்கள். பிற்பகலில் இறங்கி, அறைக்குச் சென்று தந்தையார் சிறிது படுத்து எழுந்தால், நடை திறக்கும் நேரம் சரியாக இருக்கும். பயணச்சீட்டில் புறப்படும் நிலையம் எழும்பூரா தாம்பரமா என்பதை மட்டும் கவனமாகப் பாருங்கள்.

தெற்குவீதிக்காரர் எழுதியது:

தஞ்சாவூரில் பிறந்து வளர்ந்து, பிழைப்புக்காக அம்பத்தூரில் இருப்பவன் என்ற முறையில், முதலில் ஊரைப் பற்றிய புகழ்ச்சியைக் கொஞ்சம் குறைத்துவிடுகிறேன். ஓய்வு என்ற சொல்லுக்குப் புதுச்சேரியில் உள்ள பொருள் எங்கள் ஊரில் இல்லை. கடல் இல்லை, உலாவுவதற்கென்று நிழலான வீதிகள் இல்லை, நான்கு ராஜ வீதிகளும் கடைகளும் வண்டிகளுமாக நிறைந்து கிடக்கின்றன, இரவு ஒன்பது மணிக்கு மேல் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. கண்ணை மூடிக்கொண்டு படுத்துக்கிடக்க வேண்டும் என்பவர்கள் வேறு ஊரைத் தேடிக்கொள்வது நல்லது.

ஆனால் உங்கள் மகளைப் பற்றி எழுதியதைப் படித்ததும் பதில் எழுதத் தோன்றியது. கோயில் வேண்டாம் என்கிற குழந்தைகளுக்குப் பெரிய கோயிலைக் கோயிலாகக் காட்ட வேண்டியதில்லை. ராஜராஜன் தன் ஆட்சியின் 25ஆம் ஆண்டு 275ஆம் நாளில், அதாவது 1010இல், விமானத்தின் உச்சியில் வைக்கச் செப்புக் குடத்தைக் கொடுத்தான் என்று நாள் கணக்கோடு கல்லில் எழுதி வைத்திருக்கிறான். சுற்றிலும் வயலாக இருக்கும் ஊரில், கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஒரு குன்றுகூட இல்லாத இடத்தில், 216 அடி உயரத்துக்குக் கருங்கல்லை அடுக்கியவர்கள் அந்தக் கல்லை எங்கிருந்து எப்படிக் கொண்டு வந்திருப்பார்கள் என்ற ஒரு கேள்வியை அவளிடம் கேட்டுவிட்டு விலகி நில்லுங்கள். சோழ நாட்டின் பல ஊர்க் கோயில்களிலிருந்து வரவழைத்துக் குடியமர்த்தப்பட்ட, கோயிலில் ஆடும் பெண்களான 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்ற விவரத்தோடு, கல்வெட்டில் இருக்கின்றன. அரசனின் வெற்றிப் பட்டியலை விட இந்த வீட்டுக் கணக்குத்தான் எனக்கு எப்போதும் பெரிதாகப் பட்டிருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு நடனப் பெண் எந்த வரிசையில் குடியிருந்தாள் என்று தெரிகிற ஊர் உலகத்தில் எத்தனை இருக்கும்?

கோபுரத்தின் நிழல் தரையில் விழாது என்று வழிகாட்டிகள் சிலர் இன்றும் சொல்வார்கள். காலையிலோ மாலையிலோ நின்று பார்த்தால் நிழல் நன்றாகவே விழுவது தெரியும். மகளையே சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கருவறையைச் சுற்றியுள்ள உள் நடையில், நாயக்கர் காலத்துப் பூச்சுக்கு அடியில் மறைந்திருந்த சோழர் ஓவியங்களை 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். அந்த நடைக்குள் பொதுமக்களை விடுவதில்லை. அவற்றின் நகல்களைக் கோயில் வளாகத்துக் காட்சிக்கூடத்தில் பார்க்கலாம்.

தந்தையாரைப் பற்றி ஒரு சொல். வெளிப் பிராகாரம் ஏறத்தாழ 240 மீட்டர் நீளமும் 120 மீட்டர் அகலமும் உள்ளது. செருப்பில்லாமல் நடக்க வேண்டும். சன்னிதிக்குப் படிகள் ஏற வேண்டும். ஆகவே முற்பகல் பத்து மணிக்கு மேல் அவரை அங்கே நிறுத்தாதீர்கள். மாலையில் புல்வெளியில் உட்கார்ந்திருப்பதற்கென்றே உள்ளூர்க் குடும்பங்கள் வருவார்கள். அவர் அங்கே உட்கார்ந்து ஒரு மணி நேரம் விமானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாலே போதும். பிரதோஷ நாளா என்று பஞ்சாங்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அன்று மாலை நந்திக்கு அபிஷேகம் நடப்பதால் கூட்டத்தில் நகர முடியாது. டிசம்பர் விடுமுறையில் சபரிமலை செல்லும் பக்தர்களின் பேருந்துகளும் வரும். விடியற்காலை ஆறு மணிக்குச் சென்றால் அந்தக் கூட்டத்துக்கு முன்னால் இருப்பீர்கள். கோயில் கிழக்கு நோக்கியது. முதல் வெயில் விமானத்தின் முகத்தில் படும் நேரமும் அதுதான்.

பெரம்பூர் வாசகி எழுதியது:

முந்தைய பதில்களை மதிக்கிறேன். ஆயினும் கும்பகோணத்தில் தங்குவதைப் பற்றியும் யோசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். தஞ்சாவூரிலிருந்து அது ஏறத்தாழ 40 கிலோமீட்டர். இரண்டாம் ராஜராஜன் 12ஆம் நூற்றாண்டில் கட்டிய தாராசுரம் கோயில் கும்பகோணத்தின் ஓரத்திலேயே இருக்கிறது. பெரிய கோயிலைப் போல அண்ணாந்து பார்க்க வைக்காமல், குனிந்து விரற்கடை அளவுச் சிற்பத்தைத் தேட வைக்கும் கோயில் அது. கூட்டமும் குறைவு, முதியவர்கள் அமைதியாக உட்காரலாம். சுவாமிமலையில் மெழுகு வார்ப்பு முறையில் செப்புத் திருமேனி செய்யும் பட்டறைகளைப் பார்ப்பது உங்கள் மகளுக்குக் கோயிலை விடப் பிடிக்கக்கூடும். நல்ல காபியைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை. நாங்கள் என் மாமியாரை அழைத்துச் சென்றபோது கும்பகோணத்தில் அறை எடுத்து, ஒரு நாள் மட்டும் தஞ்சாவூர் சென்று வந்தோம். அவருக்குச் சிரமமாக இல்லை.

தெற்குவீதிக்காரர் எழுதியது:

பெரம்பூர் அம்மா சொல்லும் தாராசுரத்தை நானும் தவறவிடச் சொல்ல மாட்டேன். ஆனால் கும்பகோணத்தில் தங்குகிறவர் தஞ்சாவூருக்கு வந்து சேர்வது முற்பகல் பத்து மணிக்கு. இருட்டுவதற்கு முன் வண்டிக்காரர் கிளம்பச் சொல்லிவிடுவார். அதாவது விடியலும் அந்தியும் இல்லாத தஞ்சாவூர் அவருக்குக் கிடைக்கிறது. இரண்டு இரவு தஞ்சாவூரிலும், நடுவில் ஒரு பகல் தாராசுரத்துக்கும் சுவாமிமலைக்கும் என்று மாற்றிக்கொண்டால் இருவர் விருப்பமும் நிறைவேறும். வழியில் திருவையாற்றில் நிறுத்தி அசோகா இனிப்பு வாங்கிக்கொள்ளலாம், தியாகராஜ சுவாமிகளின் சமாதியில் தந்தையார் சற்று உட்காரலாம். சபாவை விட்டு வந்த குறை அதில் ஓரளவு தீரும்.

எழும்பூர் பழைய மாணவி எழுதியது:

பல ஆண்டுகள் கல்லூரியில் வரலாறு கற்பித்தவள் என்பதால் ஒரு வேறு வழியைச் சொல்கிறேன். ஓர் ஊர் உங்கள் குடும்பத்துக்கு ஏற்குமா என்பதைப் பிறரிடம் கேட்பதை விட, சென்னையிலேயே சோதித்துப் பார்க்க முடியும். தஞ்சாவூரைப் பொறுத்தவரை அதற்கு எழும்பூரில் இடம் இருக்கிறது. 1851இல் தொடங்கப்பட்ட நம் அரசு அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிக் கூடத்துக்கு மகளை அழைத்துச் செல்லுங்கள். திருவாலங்காட்டு நடராசரின் முன்பும், திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரின் முன்பும் அவள் எவ்வளவு நேரம் நிற்கிறாள் என்று, எதுவும் விளக்காமல், பாருங்கள். கால் மணி நேரத்தில் கைப்பேசியை எடுத்துவிட்டால் புதுச்சேரியோ மாமல்லபுரமோ போதும். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, அவளுக்கு இன்னும் வயது இருக்கிறது. அர்த்தநாரீசுவரரின் ஒரு பாதி ஏன் வேறு மாதிரி நிற்கிறது என்று அவளாகவே கேட்டுவிட்டால், மூன்று நாள் போதாது.

ஏனென்றால் அதே திருவெண்காட்டில் கிடைத்த இன்னொரு திருமேனி தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் இருக்கிறது. 1011ஆம் ஆண்டைச் சேர்ந்த ரிஷபவாகனர். பாம்புகளைத் தலைப்பாகை போலச் சுற்றிய சடைமுடியோடு, ஒரு காலை மடித்து, காளையின் மேல் கையை ஊன்றி நிற்கிறார். அந்தக் காளைதான் இப்போது இல்லை. ஊன்றுவதற்கு ஒன்றும் இல்லாத அந்தக் கை, சாய்ந்து நிற்கும் அந்த உடம்பு முழுவதையும் தாங்குவதாகவே நம் கண்ணுக்குத் தெரியும். இந்தக் கூடத்தை மட்டும் பார்ப்பதற்கு நான் தஞ்சாவூர் சென்றிருக்கிறேன். பலர் பெரிய கோயிலோடு திரும்பிவிடுகிறார்கள் என்பது எனக்குப் புரியாத விஷயம்.

அதே அரண்மனை வளாகத்தில் மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி வளர்த்த சரசுவதி மகால் நூலகத்தின் காட்சிக்கூடம் இருக்கிறது. தரங்கம்பாடிக் கடலோரத்தில் ஒதுங்கிய திமிங்கலத்தின் எலும்புக்கூடும் அரண்மனையிலேயே இருக்கிறது. வரலாற்றில் நாட்டமில்லாத சிறார்களும் அதன் முன் நின்றுவிடுகிறார்கள். நேரம் இருந்தால் சிவகங்கைப் பூங்காவை ஒட்டியுள்ள, 1779இல் கட்டப்பட்ட சுவார்ட்சு தேவாலயத்துக்குச் செல்லுங்கள்; மரணப் படுக்கையில் இருக்கும் சுவார்ட்சு பாதிரியாரைச் சரபோஜி பார்க்க வந்த காட்சியை, லண்டனில் இருந்த பிளாக்ஸ்மன் என்ற சிற்பியைக் கொண்டு சலவைக்கல்லில் செதுக்க வைத்திருக்கிறார் அந்த மன்னர். தஞ்சாவூரை வெறும் சோழர் ஊர் என்று நினைத்துச் செல்கிறவர்கள் இந்த மராட்டிய அடுக்கைக் காணாமலேயே வந்துவிடுகிறார்கள்.

நங்கநல்லூர்வாசி எழுதியது:

ஒவ்வொருவருக்கும் நன்றி. இவ்வளவு விவரமான பதில்களை எதிர்பார்க்கவில்லை. இவற்றை என் மனைவியிடமும் தந்தையாரிடமும் படித்துக் காட்டினேன். திருவையாறு என்ற பெயரைக் கேட்டதும் தந்தையார் எந்தத் தேதி என்று கேட்டுவிட்டார். அந்தப் பக்கத்துத் தடை நீங்கியது என்றே நினைக்கிறேன். நவக்கிரகத் திட்டத்தைக் கைவிட்டுவிட்டோம். சோழன் வண்டியில் சென்று தஞ்சாவூரிலேயே தங்கி, நடுநாளில் தாராசுரம் சென்று வருவது என்று வைத்திருக்கிறோம். ஆனால் மகளின் முடிவு தெரியாமல் பயணச்சீட்டு எடுப்பதில்லை. வரும் வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் அவளை எழும்பூருக்கு அழைத்துச் செல்கிறேன். எங்கே, எதற்கு என்று சொல்லப்போவதில்லை.

எழும்பூர் பழைய மாணவி எழுதியது:

வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்துக்கு வார விடுமுறை. சனிக்கிழமை காலையில், கூட்டம் சேர்வதற்கு முன் செல்லுங்கள். கூடத்துக்குள் நுழைந்ததும் வழிகாட்டியை அமர்த்திக்கொள்ள வேண்டாம்.